ஒளியின் பின்னால் ஓடும் எலெக்ட்ரான்

(கொல்லிமலை, குண்டனி நாட்டில் தேசிய அறிவியல் நாளன்று ஆற்றிய சொற்பொழிவு)

 

வல்வில் ஓரி ஆண்ட மலை இது. சாமையும் தினையும் கேழ்வரகும் மிளகும் விளைகிற மலை. காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வந்து, இந்த மண்ணில் நின்று பேசுவதைப் பெருமையாக நினைக்கிறேன். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், லேசர் ஒளியைக் கொண்டு எலெக்ட்ரான்களை முடுக்குவது. கிலோமீட்டர் கணக்கில் நீண்டு கிடக்கிற துகள் முடுக்கி என்னும் இயந்திரத்தை ஒரு முழ நீளத்துக்குள் அடக்க முடியுமா என்று உலகம் முழுக்க நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நடக்கிற முயற்சி.

“இதை எங்கள் மலையில் வந்து ஏன் பேசுகிறீர்கள்?” என்று நீங்கள் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். நான் சொல்லும் பதில் இது. ஒரு கருவி பெரிதாக இருக்கும் வரை அது பெரிய ஊரில்தான் இருக்கும். பணக்கார நாட்டில்தான் இருக்கும். அதைத் தொட்டுப் பார்க்கிற பிள்ளைகளும் அங்கே பிறந்த பிள்ளைகளாகத்தான் இருப்பார்கள். கருவி சிறிதானால்தான் அது இடம் பெயரும். ஆகவே முடுக்கியைச் சிறிதாக்கும் வேலை, பெரிய ஊர்க்காரர்களைவிட நமக்குத்தான் அதிகம் வேண்டியது.

முதலில் எலெக்ட்ரான். 1897-இல் ஜே.ஜே. தாம்சன் கண்டுபிடித்தது. எல்லா அணுக்களிலும் இருப்பது. எதிர்மின்னூட்டம் கொண்டது. மின்னூட்டம் இருப்பதால் மின்புலத்தில் விட்டால் ஓடும். ஒரு வோல்ட் அழுத்தத்தில் ஓடினால் அது பெறும் ஆற்றலை ஓர் எலெக்ட்ரான் வோல்ட் என்கிறோம். இந்த ஓர் அளவை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய பேச்சு முழுவதற்கும் அது போதும்.

முடுக்கியை நீங்கள் பார்த்ததில்லை என்றா நினைக்கிறீர்கள்? பார்த்திருக்கிறீர்கள். அரசு வீடுவீடாக வழங்கியதே 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி, அது ஒரு முடுக்கி. பின்பக்கம் குடம்போல் புடைத்திருந்த அந்தப் படக்குழாய்க்குள் எலெக்ட்ரான்கள் இருபதாயிரம் வோல்ட் அளவில் முடுக்கப்பட்டுத் திரையின் உட்புறத்தில் வந்து மோதின. மோதிய இடம் ஒளிர்ந்தது. நீங்கள் பார்த்த படம் அதுதான்.

புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை தரும் மருத்துவமனையில் இருப்பது அதற்கு அடுத்த படி. அங்கே எலெக்ட்ரான் 60 லட்சத்திலிருந்து 2 கோடி எலெக்ட்ரான் வோல்ட் வரை ஆற்றல் பெறுகிறது. அந்த எலெக்ட்ரானை ஓர் உலோகத்தில் மோதவிட்டால் வலுவான எக்ஸ் கதிர் பிறக்கிறது. கட்டியைக் கரைப்பது அந்தக் கதிர். 1954-இல் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் அடையாறில் புற்றுநோய் நிலையத்தைத் தொடங்கி வைத்த காலத்திலிருந்து, நம் தமிழ்நாட்டில் எத்தனையோ குடும்பங்கள் கதிர்வீச்சு சிகிச்சையால் தங்கள் மனிதர்களைத் திரும்பப் பெற்றிருக்கின்றன. உலகில் இன்று முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட முடுக்கிகள் இயங்குகின்றன. அவற்றில் பெரும்பாலானவை மருத்துவமனையிலும் தொழிற்சாலையிலும் இருக்கின்றன. அணுவைப் பிளக்கும் ஆராய்ச்சிக்கு என்று இருப்பவை கொஞ்சம்தான்.

ஆனால் அந்தக் கொஞ்சம் எவ்வளவு பெரியவை! அமெரிக்காவில் கலிஃபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு முடுக்கி 3.2 கிலோமீட்டர் நீளம். நேர்கோடாக, வளைவே இல்லாமல், மூன்று கிலோமீட்டருக்கு மேல். அதன் முனையில் எலெக்ட்ரான் 5,000 கோடி எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு வெளியே வந்தது. ஜெனீவா அருகே பூமிக்கு அடியில் இருக்கும் பெரிய மோதல் இயந்திரத்தின் சுற்றளவு 27 கிலோமீட்டர்.

ஏன் இவ்வளவு நீளம்? இந்தக் கேள்வியில்தான் நம் கதையே இருக்கிறது.

வழக்கமான முடுக்கி ஒரு செம்புக் குழாய். அதற்குள் நுண்ணலைகளைச் செலுத்தி மின்புலம் உண்டாக்குவார்கள். மின்புலத்தைக் கூட்டக் கூட்ட எலெக்ட்ரான் வேகமாக ஆற்றல் பெறும். சரி, கூட்டிக்கொண்டே போகலாமே? போக முடியாது. ஒரு மீட்டருக்குச் சில கோடி வோல்ட் வரை செம்பு தாங்கும். மிகவும் கவனமாகச் செய்தால் பத்துக் கோடி வரை போகலாம். அதற்கு மேல் குழாயின் சுவரிலிருந்து தீப்பொறி பறக்கும். உலோகம் பிய்ந்துவிடும். ஸ்டான்ஃபோர்டில் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கோடி வோல்ட்தான். மீட்டருக்கு இவ்வளவுதான் என்று உலோகம் சொல்லிவிட்டபிறகு மனிதன் என்ன செய்வான்? நீளத்தைக் கூட்டுவான். கிலோமீட்டர் கணக்கில் கூட்டினான்.

உலோகம் தாங்காது என்றால் உலோகமே வேண்டாம். பிய்ந்து போகும் பொருள்தானே தடை? ஏற்கெனவே பிய்ந்துபோன பொருளை எடுத்துக்கொண்டால்?

அந்தப் பொருளை நீங்கள் ஒவ்வோர் ஐப்பசி மழையிலும் பார்க்கிறீர்கள். மின்னல்! மின்னல் வெட்டும் வழியில் காற்றின் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் கழன்றுவிடுகின்றன. கழன்ற எலெக்ட்ரான்களும் மிச்சமிருக்கும் அயனிகளும் கலந்து கிடக்கிற நிலைக்குப் பிளாஸ்மா என்று பெயர். சூரியன் பிளாஸ்மா. வானத்து விண்மீன்கள் பிளாஸ்மா. உடைந்ததை மறுபடி உடைக்க முடியாது அல்லவா? அதனால் பிளாஸ்மாவுக்குள் எவ்வளவு வலிய மின்புலம் எழுந்தாலும் தீப்பொறிக்கு அஞ்ச வேண்டியதில்லை. காற்றைவிடப் பல மடங்கு மெலிந்த ஹீலியம் வாயுவில் உண்டாக்கிய பிளாஸ்மாவில், ஒரு மீட்டருக்குப் பத்தாயிரம் கோடி வோல்ட் என்னும் அளவுக்கு மின்புலம் எழும். செம்பு ஒன்றரைக் கோடி தந்த இடத்தில் பத்தாயிரம் கோடி!

அந்த மின்புலத்தை எழுப்புவது எப்படி? வாசலூர்பட்டி ஏரியில் படகு போவதைக் கவனித்துப் பாருங்கள். படகின் முகப்பு நீரை இரண்டு பக்கமும் ஒதுக்குகிறது. ஒதுங்கிய நீர் படகு கடந்ததும் திரும்பி வந்து சேர்கிறது. சேர்ந்த வேகத்தில் மேலே எழும்புகிறது, தாழ்கிறது, மறுபடி எழும்புகிறது. படகின் பின்னாலேயே ஓர் அலை தொடர்ந்து வருகிறது. படகு எவ்வளவு வேகமோ, அதைத் தொடரும் அலையும் அவ்வளவு வேகம். இப்போது படகு இருந்த இடத்தில் ஒரு லேசர் துடிப்பை, அதாவது கணநேரமே நீடிக்கும் லேசர் ஒளியை, வையுங்கள். நீர் இருந்த இடத்தில் பிளாஸ்மாவின் எலெக்ட்ரான்களை வையுங்கள். துடிப்பு ஒளியின் வேகத்தில் பாய்கிறது. எதிரில் வரும் எலெக்ட்ரான்களை நாலாபுறமும் ஒதுக்குகிறது. ஹீலியத்தின் கரு எலெக்ட்ரானைப்போல் ஏழாயிரம் மடங்கு எடை. அது நகராது. துடிப்பு போனபிறகு எலெக்ட்ரான் இல்லாமல் நேர்மின்னூட்டம் மட்டும் நிற்கும் ஒரு குமிழி உண்டாகிறது. ஒதுங்கிய எலெக்ட்ரான்கள் அந்தக் குமிழியின் பின்பக்கம் வந்து குவிகின்றன. முன்னால் நேர்மின்னூட்டம், பின்னால் எதிர்மின்னூட்டம். இடையில் நான் சொன்ன அந்த மாபெரும் மின்புலம்.

இந்தக் குமிழியின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் முப்பதில் ஒரு பங்கு. அதற்குள் சிக்கிக்கொண்ட ஓர் எலெக்ட்ரான் என்ன செய்யும்? ஒளியைத் துரத்திக்கொண்டே ஓடும். ஓட ஓட ஆற்றல் ஏறும்.

இதை யார் முதலில் நினைத்தார்கள்? 1979-இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் தோஷிகி தாஜிமா என்ற ஜப்பானியரும் ஜான் டாசன் என்ற அமெரிக்கரும் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். கணக்கு போட்டார்கள், கணினியில் ஓட்டிப் பார்த்தார்கள், நடக்கும் என்றார்கள். அந்த டாசனோடு அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு, வலிமையான லேசர் ஒளி பிளாஸ்மாவுக்குள் எப்படிப் பரவும் என்று கணக்கிட்டவர் யார் தெரியுமா? நம் நாட்டுக்காரர். காஷ்மீரில் பிறந்து, தில்லி ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்று, அமெரிக்காவின் பிரின்ஸ்டனுக்குப் போன பிரதிமான் கிருஷண் கௌ. 1970-இல் அந்தக் கட்டுரை வந்தபோது அவருக்கு வயது இருபத்திரண்டு. முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகளே, இருபத்திரண்டு! பின்னால் அவர் இந்தியா திரும்பி, காந்திநகர் அருகே பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தை முதல் இயக்குநராக இருந்து வளர்த்தார். 2017-இல் மறைந்தார். இந்தத் துறையின் வேரில் இந்தியக் கை இருக்கிறது என்பதை எந்த மேடையிலும் சொல்வேன்.

1979-இல் கணக்கு இருந்தது, லேசர் இல்லை. அவ்வளவு வலிய ஒளித்துடிப்பை அன்று யாராலும் உண்டாக்க முடியவில்லை. ஒளியைப் பெருக்கப் பெருக்க, பெருக்குகிற கண்ணாடியையும் படிகத்தையும் அந்த ஒளியே சுட்டுத் துளைத்தது. ஆறு ஆண்டுகள் கழித்து வழி பிறந்தது. 1985-இல் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜெரார் மூரூ என்ற பேராசிரியரும் டோனா ஸ்டிரிக்லாண்டு என்ற ஆராய்ச்சி மாணவியும் மூன்றே அடியில் விடை கண்டார்கள். முதலில் குறுகிய துடிப்பை நீட்டு, அதன் உச்சவலிமை குறையும். நீண்ட துடிப்பைப் பெருக்கு, கண்ணாடி உடையாது. பெருக்கிய பிறகு மறுபடி சுருக்கு. இதற்காக 2018-இல் இருவருக்கும் நோபல் பரிசு. இயற்பியலில் அந்தப் பரிசு பெற்ற மூன்றாவது பெண் ஸ்டிரிக்லாண்டு. மேரி கியூரி 1903-இல், மரியா கோப்பர்ட் மேயர் 1963-இல், பிறகு ஐம்பத்தைந்து ஆண்டு இடைவெளி. பெண் பிள்ளைகளே, அந்த இடைவெளி மறுபடி வரக்கூடாது.

இன்றைய பெரிய லேசர் ஒன்றில் ஒரு துடிப்பின் மொத்த ஆற்றல் எவ்வளவு? நாற்பது ஜூல். நூறு வாட் குண்டு பல்பு அரை நொடிகூட எரியாது, அவ்வளவுதான். ஆனால் அந்த நாற்பது ஜூலையும் ஒரு நொடியைக் கோடி பங்காக்கி, அந்த ஒரு பங்கை மறுபடி கோடி பங்காக்கி, அப்படிப்பட்ட நான்கு பங்கில் கொட்டிவிடுகிறார்கள். அந்தக் கணத்தில் அதன் திறன் இந்தியாவின் எல்லா மின்நிலையங்களும் சேர்ந்து தருவதைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேல். ஆற்றல் கொஞ்சம், நேரம் அதைவிடக் கொஞ்சம். அதனால்தான் வலிமை.

இந்த இடத்தில் இன்றைய நாளுக்கு உரியவரை நினைக்க வேண்டும். இங்கிருந்து மலை இறங்கி ஐயாற்றுப் போக்கிலேயே நடந்தால் காவிரிக் கரை வரும். அந்தக் கரையில் திருவானைக்காவல். 1888-இல் அங்கே பிறந்த குழந்தைதான் சந்திரசேகர வெங்கட ராமன். 1928 பிப்ரவரி 28 அன்று, கல்கத்தாவில், வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனின் துணையோடு அவர் கண்ட உண்மை என்ன? ஒளி ஒரு பொருளுக்குள் போய்ச் சிதறும்போது, தன் ஆற்றலில் கொஞ்சத்தை அந்தப் பொருளின் அதிர்வுக்குக் கொடுத்துவிட்டு, நிறம் மாறி வெளிவருகிறது.

பிளாஸ்மாவிலும் அதுவே நடக்கிறது. லேசர் ஒளி தன் ஆற்றலில் ஒரு பங்கைப் பிளாஸ்மா அலைக்குக் கொடுத்துவிட்டு நிறம் மாறி வருகிறது. அதற்கு இயற்பியலார் வைத்த பெயர் ராமன் சிதறல்தான். 1995-இல் இங்கிலாந்தின் ரதர்ஃபோர்டு ஆப்பிள்டன் ஆய்வகத்தில் வல்கன் என்ற லேசரை வாயுவுக்குள் பாய்ச்சினார்கள். ராமன் சிதறலே அங்கே அலையை வளர்த்தது. வளர்ந்த அலை உடைந்தபோது எலெக்ட்ரான்கள் அதில் சிக்கி 4 கோடி எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் ஆற்றலோடு சீறி வந்தன. உள்ளே அலை எழுந்ததற்குச் சான்று என்ன? வெளியே வந்த ஒளியின் மாறிய நிறம்! அந்த ஆய்வுக் குழுவில் ஒருவர், லாஸ் ஏஞ்சலஸில் பணிபுரியும் இந்தியரான சந்திரசேகர் ஜோஷி. அதற்கு முன்பே 1993-இல் தம் ஆய்வகத்தில் இரண்டு லேசர் அலைகளைப் பிளாஸ்மாவில் கலந்து எலெக்ட்ரானை முடுக்கிக் காட்டியவர் அவர். காவிரிக்கரைப் பிள்ளை கண்ட உண்மை 67 ஆண்டுகள் கழித்து முடுக்கியின் இதயத்தில் போய் அமர்ந்தது.

ஆனால் அன்று வந்த எலெக்ட்ரான் கற்றையில் ஒரு குறை இருந்தது. ஓர் எலெக்ட்ரான் நிறைய ஆற்றலோடு வரும், அடுத்தது கொஞ்ச ஆற்றலோடு வரும். ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஆற்றல். அப்படிப்பட்ட கற்றையை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. 2004 செப்டம்பரில் நேச்சர் இதழ் ஒரே இதழில் மூன்று கட்டுரைகளை வெளியிட்டது. இங்கிலாந்திலிருந்து ஒன்று, பிரான்சிலிருந்து ஒன்று, அமெரிக்காவிலிருந்து ஒன்று. மூன்று குழுக்களும் தனித்தனியாகச் செய்து, ஏறக்குறைய ஒரே ஆற்றல் கொண்ட எலெக்ட்ரான்களின் கற்றையைக் காட்டின. 7 கோடியிலிருந்து 17 கோடி எலெக்ட்ரான் வோல்ட் வரை, அதுவும் சில மில்லிமீட்டர் தூரத்துக்குள்! இதழின் அட்டையிலேயே கனவுக் கற்றை என்று போட்டார்கள்.

அதன் பிறகு ஏணி வேகமாக ஏறியது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி ஆய்வகம் 2006-இல் 3.3 சென்டிமீட்டரில் 100 கோடி எலெக்ட்ரான் வோல்ட்டைத் தொட்டது. 2014-இல் 9 சென்டிமீட்டரில் 420 கோடி. 2019-இல் 20 சென்டிமீட்டரில் 780 கோடி. 2024-இல் 30 சென்டிமீட்டரில் 920 கோடி. முப்பது சென்டிமீட்டர் என்றால் உங்கள் பள்ளிப் பையில் இருக்கும் அளவுகோல். ஸ்டான்ஃபோர்டில் இதே ஆற்றலை எட்ட எலெக்ட்ரான் அரைக் கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும்.

கேட்கவே சிலிர்க்கிறது. எனக்கும் சிலிர்க்கிறது. ஆனால் என் அன்பான நண்பர்களே, இந்த இடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். எத்தனை கோடி வோல்ட் என்பதுதான் கேள்வியா? செய்தித்தாள்கள் அதைத்தான் கேட்கின்றன. எனக்கு அது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி: இன்று வந்த கற்றை நாளை காலையும் அப்படியே வருமா? பயிருக்கு ஒருநாள் கொட்டும் மழையைவிடத் தவறாமல் வரும் ஈரம் தேவை என்பதை உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மருத்துவரோ, எலும்பைப் படம் பிடிப்பவரோ, புதிய மருந்தின் மூலக்கூற்றை ஆராய்பவரோ, ஒரு தடவை வந்த அதிசயக் கற்றையை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

மேசை மேல் முடுக்கி என்று எழுதுகிறார்கள். முடுக்கும் குழாய் மேசை மேல் இருக்கிறது, உண்மை. அதற்கு ஒளி தரும் லேசர் ஒரு பெரிய அறை முழுக்க நிற்கிறது. டைட்டானியம் கலந்த நீலமணிப் படிகம் அதன் உயிர். அந்தப் படிகத்துக்கு ஒளியூட்ட இன்னொரு கூட்டம் லேசர்கள். மின்கம்பியில் இழுக்கும் மின்சாரத்தில் ஒரு விழுக்காடுகூட ஒளித்துடிப்பாக வருவதில்லை. பெர்க்லியின் பெரிய லேசர் நொடிக்கு ஒரு தடவைதான் சுடும். அறையின் வெப்பம் சிறிது மாறினால், தரை சற்று அதிர்ந்தால், கற்றை மாறிவிடும். இதையெல்லாம் மறைத்துவிட்டு உங்களிடம் பெருமை மட்டும் பேசினால் அது அறிவியல் நாளுக்கு அழகல்ல.

அதனால்தான் என் மனம் வேறு மூன்று செய்திகளில் தங்குகிறது. ஒன்று ஜெர்மனியின் ஹாம்பர்க். அங்குள்ள ஆய்வகத்தில் லேசர் முடுக்கியை ஒரு நாள் முழுக்க நிறுத்தாமல் ஓட்டினார்கள். 2020-இல் வெளியிட்டார்கள். ஒரு லட்சம் தடவை சுட்டு, ஒரு லட்சம் கற்றைகளை அளந்து, கற்றை ஏன் மாறுகிறது என்று லேசரின் ஒவ்வொரு நடுக்கத்தோடும் ஒப்பிட்டுக் கண்டுபிடித்தார்கள். புதிய உச்சம் ஒன்றும் தொடவில்லை. ஆனால் இந்தத் துறை விளையாட்டுப் பருவம் கடந்து வேலைக்குப் போகத் தொடங்கியது அன்றுதான் என்பேன். இன்னொன்று ஷாங்காய். 2021-இல் அங்கே லேசரால் முடுக்கிய எலெக்ட்ரான்களைக் காந்த வரிசைக்குள் செலுத்தி, அவற்றையே லேசர்போல ஒளிர வைத்தார்கள். கற்றை ஒழுங்காக இல்லாவிட்டால் அது நடக்கவே நடக்காது.

மூன்றாவது செய்தி நம் ஹைதராபாத். அதற்கு வருவதற்கு முன் இந்தூரைச் சொல்ல வேண்டும். மத்தியப் பிரதேசத்தின் இந்தூரில் 1984-இல் தொடங்கிய மையம், இன்று ராஜா ராமண்ணா பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கே இந்தஸ் 2 என்று ஒரு வளைய முடுக்கி இருக்கிறது. சுற்றளவு 172.5 மீட்டர். 250 கோடி எலெக்ட்ரான் வோல்ட். அந்த வளையத்தில் சுற்றும் எலெக்ட்ரான்கள் தரும் எக்ஸ் கதிரால் படிகங்களையும் புரதங்களையும் ஆராய்கிறார்கள். தமிழ்நாட்டின் ஆராய்ச்சி மாணவர்கள் தங்கள் மாதிரிகளைப் பெட்டியில் கட்டிக்கொண்டு இந்தூருக்கு ரயில் ஏறுகிறார்கள். இவ்வளவு பெரிய நாட்டுக்கு அத்தகைய வளையம் இருக்கும் ஊர் அது ஒன்றுதான். அதே இந்தூர் மையம் லேசர் முடுக்கத்தையும் கையில் எடுத்தது. முதலில் பத்து டெராவாட் லேசர், பிறகு 150 டெராவாட் லேசர். வாயுத் தாரைக்குள் ஒளியைப் பாய்ச்சி, கோடிக்கணக்கான எலெக்ட்ரான் வோல்ட் கொண்ட கற்றைகளை நம் நாட்டு அறிஞர்கள் எடுத்திருக்கிறார்கள்.

இப்போது ஹைதராபாத். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் வளாகம் அங்கே இருக்கிறது. கிருஷ்ணமூர்த்தி என்ற பேராசிரியரின் குழு. அவர்களிடம் இருந்தது நாற்பது ஜூல் லேசர் அல்ல. இரண்டு மில்லிஜூல் அளவு. இருபதாயிரத்தில் ஒரு பங்கு! இலக்கு வாயு அல்ல, மெத்தனால் சாராயத்தின் நுண்துளிகள். ஒரு மில்லிமீட்டரில் அறுபதில் ஒரு பங்கு அகலம் உள்ள துளி. முதலில் ஒரு மெல்லிய ஒளித்துடிப்பு வந்து துளியைத் தட்டி, அதன் முகத்தைக் குழிவாக்குகிறது. அடுத்து வரும் வலிய துடிப்பு அந்தக் குழிக்குள் போய் அடைபட்டுப் பிளாஸ்மா அலைகளை எழுப்புகிறது. அலைகள் உடைந்து எலெக்ட்ரான்களை வீசுகின்றன. பத்து லட்சம் எலெக்ட்ரான் வோல்ட் என்னும் வரிசையில் ஆற்றல். 2024-இல் வெளியிட்டார்கள்.

ஆற்றலைப் பெர்க்லியோடு ஒப்பிட்டால் ஒன்பதாயிரத்தில் ஒரு பங்குதான். ஆனால் பெர்க்லி நொடிக்கு ஒரு தடவை. ஹைதராபாத் நொடிக்கு ஆயிரம் தடவை! துளி தீர்ந்தால் அடுத்த துளி தயார். லேசரோ, ஒரு பல்கலைக்கழகம் வாங்கிக்கொள்ளக்கூடிய லேசர். வலிமையைக் கூட்டி எல்லோரும் ஒரு பக்கம் ஓடியபோது, இருக்கிற ஒளியைத் துளியின் வடிவத்தால் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று யோசித்த அந்த மூளையை நான் போற்றுகிறேன். பணம் குறைவாக உள்ள நாட்டுக்கு ஏற்ற அறிவியல் இது என்று சிலர் சொல்லலாம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பணக்கார நாடும் நாளை இந்த வழிக்குத்தான் வர வேண்டியிருக்கும், ஏனென்றால் நொடிக்கு ஆயிரம் கற்றை இல்லாமல் மருத்துவமனைக்குள் நுழையவே முடியாது.

மருத்துவமனை என்றதும் தாய்மார்கள் நிமிர்ந்து பார்க்கிறீர்கள். உங்களிடம் ஒளிவுமறைவில்லாமல் பேச வேண்டும். மருத்துவமனையில் இன்று இருக்கும் முடுக்கியின் குழாய் ஏற்கெனவே ஓரிரு மீட்டர் அளவுக்குள் அடங்கியதுதான். அதை லேசர் நாளையே விரட்டிவிடப் போவதில்லை. அந்தக் கருவியின் எலெக்ட்ரான் நேரடியாக உடலுக்குள் சில சென்டிமீட்டர்தான் போகும். ஆழத்தில் இருக்கும் கட்டிக்கு எக்ஸ் கதிராக மாற்றித்தான் அனுப்புகிறார்கள். 10 கோடியிலிருந்து 25 கோடி எலெக்ட்ரான் வோல்ட் வரை ஆற்றல் இருந்தால் எலெக்ட்ரானே ஆழம் வரை போய்விடும். அவ்வளவு ஆற்றலைப் பழைய முறையில் எடுக்க மருத்துவமனைக்குள் நிறைய இடம் வேண்டும். லேசரால் அது சில மில்லிமீட்டர் வேலை. இதைத்தான் பல நாடுகளில் ஆராய்கிறார்கள். ஆய்வு நடக்கிறது, சிகிச்சை இன்னும் வரவில்லை. ஆகவே வீட்டில் யாருக்காவது கட்டி என்றால், புதிய கருவி வரட்டும் என்று ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். கீழே இறங்கி மருத்துவரைப் பாருங்கள். இன்று இருக்கும் கருவி நல்ல கருவி.

லேசர் முடுக்கி முந்தி வரப்போவது படம் பிடிக்கும் வேலைக்கு. குமிழிக்குள் ஓடும் எலெக்ட்ரான் நேராக ஓடுவதில்லை, இடமும் வலமும் ஆடிக்கொண்டே ஓடுகிறது. ஆடுவதால் எக்ஸ் கதிர் வீசுகிறது. அந்தக் கதிர் பிறக்கும் புள்ளி மிகச் சிறியது, அதனால் படம் மிகத் துல்லியம். 2015-இல் இங்கிலாந்தில் ஜெமினி என்ற லேசரைக் கொண்டு மனித எலும்பின் உள்ளே உள்ள வலைப்பின்னலை முப்பரிமாணத்தில் எடுத்தார்கள். 2018-இல் ஓர் எலிக்கருவை எடுத்தார்கள். எலும்பு மெலியும் நோயை அது எலும்பை முறிக்கும் முன்பே பார்க்க இப்படிப்பட்ட படங்கள் உதவும். தலைச்சுமையோடு மலை ஏறி இறங்கும் நம் பெண்களுக்கு இது எவ்வளவு தேவை என்று நினைத்துப் பாருங்கள்.

ஆகவே இந்த மேடையிலிருந்து ஒரு கோரிக்கை வைக்கிறேன். ஹைதராபாத்தில் நடந்தது போன்ற மில்லிஜூல் லேசர் வேலையைத் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களும் அரசுக் கல்லூரிகளின் இயற்பியல் துறைகளும் எடுத்துச் செய்ய வேண்டும். அதற்கு மூன்று கிலோமீட்டர் நிலம் வேண்டாம். அதிராத ஒரு தரை, தூசி இல்லாத ஓர் அறை, பொறுமையுள்ள நாலு மாணவர்கள் வேண்டும். உச்சத்தைத் துரத்த வேண்டாம். ஒரே கற்றையை ஆயிரம் தடவை ஒரே மாதிரி எடுத்துக் காட்டட்டும். உலகம் வந்து பார்க்கும்.

மாணவர்களே, வழியையும் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணக்கும் எடுங்கள். கல்லூரியில் இயற்பியல் படியுங்கள். நான் சொன்ன டாட்டா ஆராய்ச்சி நிறுவனம் ஆண்டுதோறும் நாடு முழுவதும் நுழைவுத் தேர்வு நடத்துகிறது. தேறினால் முனைவர் பட்டம் வரை படிக்கலாம், மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு, வீட்டுக்குச் சுமையில்லை. எலெக்ட்ரானிக்ஸ் பிடித்தவர்களுக்கு இந்தத் துறையில் வேலை இருக்கிறது. வெற்றிடக் குழாய் பற்றவைக்கத் தெரிந்த ஐ.டி.ஐ. பிள்ளைக்கும் வேலை இருக்கிறது. கணினி நிரல் எழுதத் தெரிந்தவர்களை இந்தத் துறை தேடிக்கொண்டிருக்கிறது, ஏனென்றால் நொடிக்கு ஆயிரம் கற்றைகளை மனிதக் கண்ணால் சரிபார்க்க முடியாது. ஆசிரியப் பெருமக்கள் இந்த விவரங்களைப் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நேரம் இருக்கிறது. கேள்விகளை எழுந்து நின்று கேளுங்கள், சிறியவர்கள் முதலில்.